ப்ளூ ஃபேண்டம் யார்? ‘டிஸ்டார்ஷன்ஸ்’ தட்டும் அதன் கரகரப்பும்

கேட்டது மூன்று விஷயம். 1971-இல் இத்தாலியில் வந்த ‘டிஸ்டார்ஷன்ஸ்’ இசைத்தட்டில் வாசிக்கும் ப்ளூ ஃபேண்டம் உண்மையில் யார், அது இங்கிலாந்துக் குழுவா? விலைக்கு வந்திருக்கும் பிரதி அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? அந்த கிட்டார் கரகரப்பை வீட்டில் கொண்டுவர முடியுமா? ஒவ்வொன்றாக வருகிறேன். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் நீளம்.

முதலில் ஆள் விவரம். ப்ளூ ஃபேண்டம் என்று ஒரு குழு மேடை ஏறவில்லை. உறையில் வாசித்தவர்கள் பெயர் கிடையாது. இசை அமைத்தவர் என்று ‘ஹெச். டிகால்’ என்ற பெயர் மட்டும் இருக்கும். அந்த டிகால், அர்மாண்டோ ஷாஷா என்பவரின் புனைபெயர். 1920-இல் அப்ரூட்ஸோ மாகாணத்து லாஞ்சானோ ஊரில் பிறந்தவர், வயலின் வாசிப்பாளர், திரைப்படங்களுக்கு இசை அமைத்தவர். 1962-இல் மிலானில் வெடெட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். எக்கிப்பே 84, பூ ஆகிய இரண்டு பெரிய இத்தாலியக் குழுக்களும் தங்கள் ஆரம்பகாலத் தட்டுகளைப் போட்டது அவரிடம்தான். ‘டிஸ்டார்ஷன்ஸ்’ வந்த ஸ்பைடர் லேபிளும் அதே வீட்டுப் பிள்ளை. பின்னர் இங்கிலாந்தில் கெலைடஸ்கோப் என்ற லேபிளில் இது வெளியானதால்தான் ஆங்கிலேயர் குழு என்ற பேச்சு கிளம்பியது.

ஆக, போதையில் மிதக்கும் நீண்ட தலைமுடிப் பையன்களின் தட்டு என்று நினைத்துக் கேட்பவர்களுக்கு இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இதை எழுதியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு வயலின்காரர், ஒரு கம்பெனி முதலாளி. பாட்டுகளின் தலைப்புகளைப் பாருங்கள்: டியோடோ, மெட்டமார்ஃபோசிஸ், மைக்ரோகேயாஸ், கம்ப்ரெஷன், ஈக்விலிப்ரியம், டிஸ்டிலேஷன், வயலன்ஸ். பாதி, பள்ளிக்கூட இயற்பியல் வேதியியல் புத்தகத்தின் பொருளடக்கம். காதல் இல்லை, கஞ்சா இல்லை, கிழக்கத்திய ஞானமும் இல்லை. முழுக்க வாத்திய இசை, பாடும் வரிகளே இல்லாததால் தலைப்பு எதுவாக இருந்தாலும் சரி என்று வைத்தது போலத் தெரியலாம். ஆனால் டியோடோ என்றால் டயோடு, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் சிறு மின்னணு உறுப்பு. கரகரப்பைப் பற்றிய தட்டுக்கு அது தற்செயலான பெயர் அல்ல என்றே தோன்றுகிறது.

ஏன் முகமூடி? இங்கே சந்தை, சட்டம், கணக்கு மூன்றும் சேர்கின்றன.

சந்தையைச் சொல்வது சுலபம். அந்த நாளைய இத்தாலியில் ஆங்கிலப் பெயருக்குத் தனி மவுசு. 1964-இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படம் வந்தபோது இயக்குநர் செர்ஜியோ லியோனே தன் பெயரை பாப் ராபர்ட்சன் என்று போட்டுக்கொண்டார். இசையமைத்த என்னியோ மோரிகோனே டான் சாவியோ ஆனார். உள்ளூர்ச் சரக்கை வெளிநாட்டுச் சரக்காகக் காட்டும் அந்தப் பழக்கம் சினிமாவோடு நிற்கவில்லை.

சட்டம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. இத்தாலியில் இசைக்கான உரிமைத் தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது சியாயே என்ற படைப்பாளிகள் சங்கம். அதில் இசையமைப்பாளராகப் பதிவு செய்ய அந்நாளில் தேர்வு எழுத வேண்டும். பதிவு இல்லாதவன் பாட்டு எழுதினால், பதிவு உள்ள வேறொருவர் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்வார். 1960-இல் மீனா பாடிப் புகழ்பெற்ற ‘இல் சியேலோ இன் ஊனா ஸ்டான்ஸா’ பாட்டை எழுதியது ஜீனோ பாவோலி. தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் இருந்ததோ மோகோல், தோவாங் என்ற இரண்டு பெயர்கள். தோவாங் என்பதே இன்னொருவரின் புனைபெயர். இப்படி, எழுதியவர் ஒருவர், கையெழுத்து ஒருவர், அந்தக் கையெழுத்துக்கும் ஒரு மாற்றுப்பெயர் என்று மூன்றடுக்கு ஏற்பட்ட நாடு அது. அதனால் இத்தாலியத் தட்டு லேபிளில் இருக்கும் பெயரை நம் ஊர் ரேஷன் அட்டைப் பெயர் போல நம்பிவிடக் கூடாது.

கணக்குதான் முக்கியம் என்பது என் கருத்து. ஷாஷா இசையமைப்பாளர் மட்டுமல்ல, லேபிள் முதலாளி. தன் பெயரிலேயே எல்லாத் தட்டிலும் எழுதினால் கடைக்காரனுக்கும் வானொலிக்காரனுக்கும் சலித்துவிடும். ஒரு பெயரில் வயலின் மெல்லிசை, இன்னொரு பெயரில் கரகரப்பு என்று பிரித்தால் ஒவ்வொன்றும் தனிக் கடைச் சரக்காகிறது. வாத்திய இசை என்பதில் இன்னொரு வசதி: பாடலாசிரியர் கிடையாது, அவருக்கான பங்கும் கிடையாது. வாசித்தவர்களுக்கு ஸ்டுடியோ கூலி. இத்தாலியில் அவர்களை ‘துர்னிஸ்டி’ என்பார்கள், அதாவது முறை வேலைக்காரர்கள். மணிக்கணக்குக்குச் சம்பளம், வேலை முடிந்தால் வீடு. உறையில் பெயர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதனால் நடைமுறையில் ஒரு பாடம் உண்டு. இந்த வகைத் தட்டு எது கிடைத்தாலும் உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் குழுப் பெயரை விட்டுவிடுங்கள். லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அதுதான் உரிமைத் தொகை போகும் முகவரி. அதில் ஹெச். டிகால் என்றோ பான்ட்ரோஸ் என்றோ இருந்தால் ஷாஷா. ப்ரேன் என்று இருந்தால் அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனி, மேலே சொன்ன லியோனே படத்தில் விசில் அடித்தவரே. ஸாலா என்று இருந்தால் பியேரோ உமிலியானி, ‘மா நா மா நா’வை எழுதியவர். ராஸ்கோவிச் என்று இருந்தால் ஜூலியானோ சோர்ஜீனி.

இந்த ருசி பிடித்திருந்தால் அடுத்துத் தேட இரண்டு. ஒன்று, உமிலியானியின் லியூத்தோ லேபிளில் 1971-இல் வந்த ப்ரேன்ஸ் மெஷின் என்ற பெயருள்ள ‘அண்டர்கிரவுண்ட்’. இது கடைக்கு வந்த சரக்கு அல்ல. படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் பின்னணியாக எடுத்துக்கொள்ள அச்சிட்ட தட்டு, இத்தாலியில் இவற்றுக்கு ‘சோனோரிட்ஸாட்ஸியோனி’ என்று பெயர். இரண்டு, சைக்கிகிரவுண்ட் குரூப் என்ற பெயரில் 1971-இல் வந்த தட்டு. அதன் பின்னால் இருந்தவர்கள் ஜெனோவா நகரத்து நுவோவா இடேயா குழுவினர். இங்கே முகமூடிக்குப் பின்னால் ஓர் உண்மையான குழு இருந்ததால் வாசிப்பில் ஒரு விளையாட்டுத்தனம் தெரியும், நீளமாக இழுப்பார்கள். ப்ளூ ஃபேண்டத்தில் அது இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லி மூன்று நான்கு நிமிடத்தில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சுருக்கம்தான் பிடிக்கும்.

இனி அந்தச் சத்தம்.

அந்த ஆண்டில் இத்தாலியில் கைக்கு எட்டிய சாமான்களை வைத்து யோசித்தால் வழி சுலபமாகிறது. வாக்ஸ் நிறுவனத்தின் டோன் பெண்டர் ஃபஸ் பெடலும் (கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் மிதிபெட்டி) வா-வா பெடலும் (மிதிக்க மிதிக்க வாய் திறந்து மூடுவது போல் சத்தத்தை மாற்றுவது) 1960-களின் பிற்பகுதியில் இத்தாலியிலேயே தயாரானவை. வா-வா பெடல் செய்த ஜென் நிறுவனம் இருந்தது பெஸ்காராவில், ஷாஷாவின் ஊருக்குப் பக்கத்தில்தான். எக்கோவுக்கு மிலானில் தயாரான பின்சன் எக்கோரெக். உலகம் முழுக்க சைக்கடெலிக் குழுக்கள் தேடி வாங்கிய பெட்டிகள் இத்தாலியர்களுக்கு உள்ளூர்ச் சரக்கு.

ஃபஸ் பெடலை நீங்களே செய்யலாம். இத்தாலிய டோன் பெண்டரும் புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸும் ஏறக்குறைய ஒரே சர்க்யூட்: இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). ஃபஸ் ஃபேஸ் மதிப்புகள் இவை (கலெக்டர், எமிட்டர், பேஸ் என்பவை டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள்). முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம். இரண்டாவதன் கலெக்டரில் 470 ஓமும் 8.2 கிலோ ஓமும் தொடராக, அவை சேரும் இடத்திலிருந்துதான் வெளியீடு. இரண்டாவதன் எமிட்டரிலிருந்து முதலாவதன் பேஸுக்கு 100 கிலோ ஓம். எமிட்டரில் 1 கிலோ ஓம் பாட், அதன் நடுக்காலில் 20 மைக்ரோஃபாரட் (22 போட்டாலும் சரி). உள்ளே வரும் வழியில் 2.2 மைக்ரோஃபாரட், வெளியே போகும் வழியில் 0.01 மைக்ரோஃபாரட், கடைசியில் 500 கிலோ ஓம் வால்யூம் பாட். ஏ.சி.128 போன்ற பி.என்.பி. டிரான்சிஸ்டர் போட்டால் பேட்டரியின் பிளஸ் முனைதான் கிரவுண்டு. இதை மறந்து மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் அடாப்டர் ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், பிரச்சினை இல்லை.

இதில் தப்புவது பெரும்பாலும் டிரான்சிஸ்டர் தேர்விலேயே. மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டரின் பெருக்கத்தைக் காட்டும் எச்.எஃப்.இ. சாக்கெட்டில் செருகி 150 என்று வந்தவுடன் சந்தோஷப்படாதீர்கள். ஜெர்மேனியத்தில் பேஸுக்கு ஒன்றும் கொடுக்காமலே கலெக்டரில் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். மீட்டர் அந்தக் கசிவையும் பெருக்கமாகக் கணக்குப் பண்ணிவிடும். சரியாக அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. எமிட்டரைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். கலெக்டரிலிருந்து 2.472 கிலோ ஓம் (2.4 கிலோ ஓமும் 72 ஓமுக்கு நெருக்கமான ஒன்றும் தொடராகப் போட்டால் போதும்) வழியாக மைனஸுக்கு. இப்போது பேஸைத் தொடாமல் அந்த ரெசிஸ்டரின் குறுக்கே வோல்டேஜ் பாருங்கள். அதுதான் கசிவு. 0.25 வோல்ட் என்றால் சுமார் 100 மைக்ரோஆம்பியர், நல்லது. 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். 0.75-ஐத் தாண்டினால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். பிறகு பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் சேருங்கள். பேஸில் சுமார் 4 மைக்ரோஆம்பியர் ஓடும். இப்போது வரும் வோல்டேஜிலிருந்து முந்தையதைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கம். உதாரணமாக முதலில் 0.30, பிறகு 1.15 என்றால் 0.85, அதாவது 85. மீட்டர் சாக்கெட்டில் இதே டிரான்சிஸ்டர் இதைவிட அதிகமாகக் காட்டியிருக்கும்.

முதல் இடத்துக்கு 70 முதல் 90 வரை, இரண்டாவது இடத்துக்கு 100 முதல் 130 வரை உள்ளதைப் போடுங்கள். இரண்டையும் இடம் மாற்றினால் சத்தம் வரும், ஆனால் ஓய்ந்துபோகும் முனையில் ஸ்வரம் கட்டாகி, எண்ணெயில் தண்ணீர் பட்டது போலத் தெறிக்கும். அடுத்து, 8.2 கிலோ ஓமுக்குப் பதிலாக 20 கிலோ ஓம் டிரிம்பாட் (ஸ்க்ரூ டிரைவரால் திருகும் பாட்) வைத்து, இரண்டாவது கலெக்டரில் கிரவுண்டுக்கு மைனஸ் 4.5 வோல்ட் வரும்படி திருப்புங்கள். இந்தத் திருகலை எந்த அறையில் வாசிக்கிறீர்களோ அங்கே செய்ய வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஜெர்மேனியக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏசி அறையில் 22 டிகிரியில் சரிபண்ணிய பெடல், சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கமறும். டிரிம்பாட்டின் தலை பெட்டிக்கு வெளியே இருந்தால் ஸ்க்ரூ டிரைவரோடு முடிந்துவிடும்.

சாலிடர் வைக்கும்போது டிரான்சிஸ்டர் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு வையுங்கள், சூடு இடுக்கியில் இறங்கும். சாக்கெட் போட்டு, எல்லாம் ஆறிய பிறகு செருகுவது இன்னும் நல்லது.

டியோடோ என்ற தலைப்பைப் பற்றிச் சொன்னேன். இந்த சர்க்யூட்டில் சத்தத்தை வெட்டும் டயோடு ஒன்றுகூடக் கிடையாது. டிரான்சிஸ்டரே தன் எல்லையில் முட்டிச் சதுரமாக வெட்டுகிறது, அதுவும் மேலும் கீழும் ஒரே அளவில் அல்ல. அந்தக் கோணலால்தான் இரட்டைப்படை ஹார்மானிக்குகள் சேர்ந்து சத்தம் கொழுத்துக் கேட்கிறது. டயோடு ஜோடியால் வெட்டும் பிற்காலப் பெடல்களை வைத்து இந்தத் தட்டின் சத்தத்தைத் தேடினால் எட்டாது. அவை மென்மையாகவும் ஒழுங்காகவும் இருக்கும்.

இணைப்பு வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. வா-வாவை முன்னால் வைத்து அதன் வெளியீட்டை இந்த ஃபஸ்ஸில் விட்டால் வா-வா செத்துப்போகும். பெடலை மிதிப்பீர்கள், வாய் திறக்காது. ஃபஸ்ஸின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) மிகக் குறைவு, அது வா-வாவின் வெளியீட்டுச் சர்க்யூட்டை இழுத்துப் பிடித்துவிடுகிறது. மூன்று வைத்தியம்: ஃபஸ்ஸை முன்னால் போடுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவில் ஒரு பஃபர் (இரண்டையும் ஒன்றையொன்று இழுக்காமல் பிரிக்கும் சிறு சர்க்யூட்) போடுங்கள், அல்லது வா-வாவின் வெளியீட்டில் 10 முதல் 60 கிலோ ஓம் வரை ஏதாவது ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்துப் பாருங்கள். ஃபஸ் முன்னால், வா-வா பின்னால் என்ற வரிசையில், முழுக் கரகரப்பையும் வா-வா மென்று துப்பும், சின்தசைசர் மாதிரி வரும். இந்தக் காலத்து வாத்திய சைக்கடெலிக்கில் கேட்கும் பெரும் வாய்த் திறப்புக்கு அந்த வரிசைதான் கிட்ட வருகிறது.

கிட்டாரை நேரே ஃபஸ்ஸில் விடுங்கள், நடுவில் டியூனர்கூட வேண்டாம். ஃபஸ் பாட் முழுக்க ஏற்றி, கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 7-க்கு இறக்கினால் ரீங்காரம் குறைந்து அடியில் சுத்தமான தந்திச் சத்தம் எட்டிப்பார்க்கும். ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) 10, நடுவில் வரும் மெல்லிய பகுதிக்கு 6 அல்லது 7. பெடலை மிதித்து அணைப்பதை விட இது நயமானது. ஒரே நேரத்தில் குறைந்த ஸ்வரங்களாக வாசியுங்கள். இரண்டு தந்தியில் ஐந்தாம் ஸ்வர இடைவெளி தாங்கும். மூன்று ஸ்வரக் கார்டு அடித்தால் கூழாகிவிடும், ஏனென்றால் ஃபஸ் ஒவ்வொரு ஜோடி ஸ்வரத்துக்கும் கூட்டல் கழித்தல் அதிர்வெண்களைத் தானாக உண்டாக்குகிறது.

எக்கோரெக்கில் நாடா கிடையாது. உலோக உருளை ஒன்று சுழலும். அதைச் சுற்றி எழுதும் தலை ஒன்று, படிக்கும் தலைகள் நான்கு. அவை சுமார் 75, 150, 225, 300 மில்லிசெகண்ட் இடைவெளியில் இருக்கும். கணினியில் செய்வதானால் இந்த நான்கு இடைவெளியில் சத்தத்தைத் திருப்பித் தரும் ஒரு டிலே போதும். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லக் குறைத்து, திரும்பத் திரும்ப வரும் அளவைக் கூச்சல் தொடங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். நான்கையும் ஒரேயடியாகப் போட்டால் எக்கோ போல் இல்லாமல் ரிவெர்ப் போல் மங்கும். இரண்டாவது, நான்காவது மட்டும் போட்டுப் பாருங்கள், தாளம் தெளிவாக நிற்கும். ஆர்கனுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஹாமண்ட் மாதிரியில் முதல் மூன்று டிராபார் (இழுத்து ஒலியைக் கூட்டும் பட்டைகள்) முழுக்க இழுத்து, மற்றவை உள்ளே. லெஸ்லி சுழல் பெட்டியை மெதுவில், நிமிடத்துக்கு 50-க்குக் கீழே விட்டு, உச்சத்தில் மட்டும் 400-க்கு ஏற்றுங்கள். ஏறும் அந்த ஒன்றிரண்டு செகண்டுதான் அழகு. அதனால் தாளம் விழுவதற்கு ஓர் அரை பார் முன்னாலேயே சுவிட்சைப் போட வேண்டும்.

விமானம் தலைக்கு மேல் கடப்பது போல டிரம்ஸ் முழுவதையும் சீவிக்கொண்டு போகும் சத்தம் அந்தக் காலத் தட்டுகளின் அடையாளம். அதைப் பெடலால் முழுக்கக் கொண்டுவர முடியாது. ஸ்டுடியோவில் ஒரே பதிவை இரண்டு டேப் மிஷினில் சேர்த்து ஓட்டி, ஒன்றின் சக்கர விளிம்பை விரலால் லேசாகத் தடுத்துச் செய்தார்கள். கணினியில் இப்படிச் செய்யுங்கள். டிரம்ஸ் டிராக்கை இரண்டு பிரதி எடுங்கள். முதல் பிரதியை 5 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுங்கள். இரண்டாவதை ரீசாம்பிள் (வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும்படி) செய்து 0.1 சதவீதம் மெதுவாக்குங்கள், அதாவது நீளம் 100.1 சதவீதம். இரண்டையும் ஒரே அளவில், நடுவில் வைத்து ஓட்டுங்கள். மெதுவான பிரதி செகண்டுக்கு 1 மில்லிசெகண்ட் பின்தங்கும். ஐந்தாவது செகண்டில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்து, பிறகு விலகிப்போகும். 5 மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் முதல் பள்ளம் 100 ஹெர்ட்ஸில், 1 மில்லிசெகண்டில் 500-இல், கால் மில்லிசெகண்டில் 2,000-இல். நெருங்க நெருங்க அந்தப் பள்ளம் மேலே பறப்பதுதான் காதில் விழும் சீறல். ஒரு பிரதியின் அலையைத் தலைகீழாக்கினால், சந்திக்கும் அந்தக் கணத்தில் சத்தம் முழுக்க உறிஞ்சப்பட்டு மறுபடி வரும். இன்னும் பயங்கரமாக இருக்கும்.

இங்கே சொதப்புவது எங்கே? டைம்-ஸ்ட்ரெச் போட்டுவிடுவார்கள். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் கூட்டும் அந்த வேலை அலையை வெட்டி ஒட்டுகிறது, இரண்டு பிரதியும் ஒத்துவராமல் சீறலுக்குப் பதில் தகர டப்பா சத்தம் வரும். ரீசாம்பிள்தான் வேண்டும். 0.1 சதவீதத்தில் சுருதி வித்தியாசம் இரண்டு சென்ட்டுக்கும் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) குறைவு, காதுக்குத் தெரியாது. எம்.பி.3 கோப்பிலிருந்து செய்வதும் வீண். இன்னொன்று, ஒரு பிரதியில் மட்டும் பிளகின் இருந்தால் அதன் தாமதம் கணக்கைக் கெடுத்துவிடும்.

தட்டு வாங்கும் விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி தட்டுகளுக்கு மறுபதிப்பும் உண்டு, அனுமதியில்லாத நகலும் உண்டு. மறுபதிப்பு குற்றமில்லை, கேட்க அதுவே போதும். மறுபதிப்பை அசல் விலைக்கு விற்பதுதான் பிரச்சினை.

பின்னட்டையில் பார்கோடு இருந்தால் பேச்சே இல்லை, 1971-இல் இசைத்தட்டுக்குப் பார்கோடு கிடையாது. எடை: அந்நாளைய எல்.பி. பெரும்பாலும் 120 முதல் 140 கிராம். 180 கிராம் தடிமன் பின்னால் வந்த நாகரிகம். சமையலறைத் தராசு போதும். பிறகு லேபிளுக்கும் கடைசித் தடத்துக்கும் இடையில் உள்ள வெறும் வளையத்தை விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள். பல இத்தாலியத் தட்டுகளில் அங்கே மேட்ரிக்ஸ் எண்ணோடு (தட்டின் அச்சு எண்) நாள், மாதம், வருடமும் பொறித்திருப்பார்கள். இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நல்ல சோதனை பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடிதான், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பது. லேபிளில் உள்ள பொடி எழுத்துகளைப் பாருங்கள், அந்த ‘ஹெச். டிகால்’ வரியையே பாருங்கள். அசலில் எழுத்து ஒரே மையால், விளிம்பு சுத்தமாக, திட்டமாக இருக்கும். பழைய லேபிளை ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆகியிருக்கும், விளிம்பில் மயிர் முளைத்தது போலத் தெரியும். சியாயே முத்திரை இருந்தால் அதுவும் உதவும். அசலில் முத்திரை அச்சுக்கு மேல் தனியாகக் குத்தப்பட்டது, கோணலாக, மை அழுத்தம் கூடக்குறைய இருக்கும். நகலில் முத்திரையும் ஸ்கேனோடு சேர்ந்து அதே புள்ளிகளாக வந்துவிடும். உறையிலும் இதே சோதனை: படத்தில் புள்ளி இருப்பது இயல்பு, எழுத்தில் இருந்தால் சந்தேகம்.

விற்பவர் படம் மட்டும் அனுப்புகிறார் என்றால் முழு உறையின் படம் வேண்டாம் என்று சொல்லுங்கள். லேபிளின் ஓர் எழுத்து, வெறும் வளையத்தின் இரு பக்கம், முதுகுப் பட்டை ஆகியவற்றை அருகில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில்.

வாங்கியபின் கணினிக்கு ஏற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தட்டில் வேண்டிய கரகரப்பும் வேண்டாத கரகரப்பும் கலந்துவரும், பிரிக்கத் தெரிய வேண்டும். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் செகண்டுக்கு சுமார் 51 செ.மீ. ஓடும். லேபிள் பக்கம் வரும்போது அது 21 செ.மீ.தான். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைத்திருப்பதால் ஊசி தடுமாறும். ஆகவே ஒரு பக்கத்தின் முதல் பாட்டில் சிம்பல் சுத்தமாக இருந்து, கடைசிப் பாட்டில் மணலாகக் கேட்டால் அது ஊசி அல்லது அதன் கோணத்தின் குறை. கிட்டாரின் ஃபஸ் அப்படி அல்ல, எந்தப் பாட்டிலும் கிட்டாரோடு மட்டும் வரும், கிட்டார் நின்றால் நிற்கும். கேட்டுப் பிரிக்க, இடது வலது இரண்டில் ஒன்றை மட்டும் ஒலிக்கவிடுங்கள். கிட்டார் இல்லாத பக்கத்திலும் கரகரப்பு இருந்தால் தட்டின் தேய்மானம்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்கும்படி. கிளிக் நீக்கும் மென்பொருளைத் தானாக ஓடவிடாதீர்கள். அது செங்குத்தாக எழும் எந்த அலையையும் கீறல் என்று நினைக்கும். ஃபஸ் கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலும், ஸ்நேர் அடியும் அதற்குக் கீறல்தான். முழுத் தட்டையும் வடிகட்டினால் பல்லைப் பிடுங்கியது போலாகிவிடும். ‘நீக்கியதை மட்டும் கேள்’ என்ற வசதி பெரும்பாலான மென்பொருளில் உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள், அதில் டிரம்ஸ் தாளம் கேட்டால் அளவு அதிகம். பெரிய சொடக்குகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுப்பதே நல்லது, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

கடைசியாக வேகம். இந்தத் தட்டோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் சுருதி சரியாக இருக்க வேண்டும். 1 சதவீத வேகப் பிழை 17 சென்ட், கிட்டார் ஒட்டாமல் நிற்கும். சரிபார்க்க, பாட்டில் எல்லாம் அடங்கும் இடமாக எடுத்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். அசல் பதிவில் ஆம்ப்ளிஃபயர் உறுமல் ஒட்டியிருந்தால் அது 50 ஹெர்ட்ஸ், இத்தாலிய மின்சாரம். உங்கள் பிளேயரில் அது 50.5-இல் தெரிந்தால் 1 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸே. உங்கள் ஒயரிங்கிலிருந்து வரும் உறுமலை அசல் என்று எண்ணி ஏமாறக் கூடாது. பிளேயரின் வேகத்தை வேண்டுமென்றே 45-க்கு மாற்றி அதே இடத்தைப் பதிவு செய்யுங்கள். இடம் பெயர்ந்து 67.5 பக்கம் போன கோடு தட்டில் இருப்பது. 50-இலேயே குந்தியிருக்கும் கோடு உங்கள் வீட்டுக் கிரவுண்டிங்.